பழைய ஏடுகளில் ‘தோழர்’: உங்களுக்கு எங்கே எதிர்ப்பட்டது?

ஈரோட்டுவாசி:

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதில் அவருடைய கல்யாண அழைப்பிதழ் கிடைத்தது, 1936ஆம் வருடத்தது. மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் ‘தோழர்’. பெண் பெயருக்கு முன்னாலும் ‘தோழர்’. பாட்டி தோழரா? வீட்டில் யாரும் சொல்லாத கம்யூனிஸ்ட் கதை ஒன்று இருக்கிறது என்றே நினைத்தேன். அப்பாவிடம் கேட்டால், “அவர் எந்தக் கட்சியிலும் இல்லப்பா, சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், அவ்வளவுதான்” என்றார்.

அந்தக் குழப்பத்தோடு நூலகத்தில், ஈ.வெ.ரா. நடத்திய சுயமரியாதை இயக்க வார இதழான ‘குடி அரசு’ தொகுதிகளை எடுத்து உட்கார்ந்தேன். 1935, 36ஆம் ஆண்டு இதழ்களில் ‘தோழர் ராஜகோபாலாச்சாரியார்’, ‘தோழர் சத்தியமூர்த்தி’ என்று வருகிறது. இருவரும் காங்கிரஸ் தலைவர்கள்; அவர்களைக் காய்ச்சி எடுக்கும் கட்டுரைகளிலேயே இந்த மரியாதை. கிண்டல் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். பக்கங்களைப் புரட்டப் புரட்ட, கூட்டத்துக்குத் தலைமை வகித்தவருக்கும், நன்றி சொன்னவருக்கும் அதே சொல். குறிப்பை அடித்துவிட்டேன்.

விடை பின்னால் போனபோதுதான் கிடைத்தது. ஈ.வெ.ரா. ரஷ்யாவும் ஐரோப்பாவும் சுற்றிவிட்டு ஊர் திரும்பியதும், 1932 நவம்பரில் குடி அரசில் ஓர் அறிவிப்பு. மகா-ள-ள-ஸ்ரீ, திருவாளர், திருமதி போன்ற அடைமொழிகளை எல்லாம் விட்டுவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி ‘தோழர்’ என்றே போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். திருமதியும் போய்விட்டதால் பாட்டிக்கும் தோழர்தான்! அந்த ஏட்டில் இந்தச் சொல் நட்பையோ கட்சியையோ குறிக்கவில்லை. இன்று நாம் ‘திரு’ போடும் இடத்தில் அது நின்றது, எதிரிக்கும் கிடைத்தது. ஒரு சொல்லை இப்படி எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். சொல் ஒன்றும் புதிதில்லை, சுந்தரரையே ‘தம்பிரான் தோழர்’ என்கிறோம்.

மதுரைமல்லி:

அண்ணா, அந்த அறிவிப்பில் இருக்கும் பட்டியலை முழுசாகப் பார்த்தீர்களா? விடச்சொன்ன மரியாதைச் சொற்களில் ‘பெரியார்’ என்பதும் இருக்கிறது!

அன்றைக்கு அது எந்தப் பெரிய மனிதருக்கும் போடும் பொதுச்சொல். குறளில் பெரியாரைத் துணைக்கோடல், பெரியாரைப் பிழையாமை என்று இரண்டு அதிகாரங்களே இருக்கின்றனவே. ஆய்வுக்காக 1920களின் சைவ இதழ் ஒன்றைப் படித்தபோது நான் இதில்தான் மாட்டிக்கொண்டேன். ‘அப்பெரியார் கூறியபடி’ என்று வந்ததை ஈ.வெ.ரா. என்றே எடுத்து, சைவ இதழில் அவருக்கு இவ்வளவு மரியாதையா என்று இரண்டு பக்கம் எழுதியும்விட்டேன். வழிகாட்டி வாசித்துவிட்டு, “வருஷத்தைப் பாரும்மா” என்றார். அங்கே பேச்சு ஏதோ ஒரு நாயன்மாரைப் பற்றியது.

1938 நவம்பர் 13 அன்று சென்னையில், நீலாம்பிகை அம்மையார் தலைமையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் அவரை இனி ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். யார் பெயரோடும் சேர்க்க வேண்டாம் என்று அவரே சொன்ன சொல், ஆறு வருடத்தில் அவர் பெயராகவே ஆகிவிட்டது. அப்புறம் மற்றவர்களுக்கு ‘பெரியவர்’, ‘சான்றோர்’ என்று எழுதத் தொடங்கிவிட்டோம். இப்போதெல்லாம் பழைய ஏட்டைத் திறந்தால் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன்.

புதுகைக்கதிர்:

1925ஆம் ஆண்டு குடி அரசையும் பாருங்கள். அதிலும் ‘ஸ்ரீமான்’தான். ஏழு வருடத்துக்குள் ஒரே ஏட்டில் ஸ்ரீமான், திருவாளர், தோழர் என்று மாறியிருக்கிறது. மகா-ள-ள-ஸ்ரீ என்பது ‘மகாராஜ ராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கம். நான் ரொம்ப நாள் அதை ஏதோ அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன்.

ஈரோட்டுவாசி:

இதைப் படித்ததும் பெட்டியை மறுபடி இறக்கினேன். மல்லி சொன்னதுபோல முழுசாகப் படிக்கத்தான் இல்லை. அழைப்பிதழின் கீழ்ப்பகுதியில் தாத்தாவின் அப்பா தோழர். எதிர்ப்பக்கம் பாட்டியின் அப்பா பெயருக்கு முன்னால், கொட்டை எழுத்தில் மகா-ள-ள-ஸ்ரீ.