வள்ளத்தில் நடந்தால் வள்ளம் எவ்வளவு பின்னால் போகும்? நிறை மையக் கணக்கில் குழப்பம்

குளச்சல் பிளஸ் ஒன்:
மணக்குடி காயலில் 150 கிலோ வள்ளம் அசையாமல் கிடக்கிறது. 50 கிலோ ஆள் பின்பக்கத்திலிருந்து அணியம் (முன்முனை) வரை 4 மீட்டர் நடக்கிறார். வள்ளம் எவ்வளவு நகரும்? 50 × 4 = 150 × நகர்வு என்று போட்டால் 1.33 மீட்டர் வருகிறது. விடைக்குறிப்பில் 1 மீட்டர். எங்கே பிசகு? இன்னொன்று, கடலுக்குப் போகிற மாமா "ஆளு நின்ன பொறவு வள்ளம் மெல்ல பழைய இடத்துக்கே வந்திரும்"னு சொல்லுதாரு. அப்போ, வெளிவிசை இல்லாட்டி மொத்த உந்தம் (நிறை × வேகம்) மாறாதுங்கிற விதி தப்பா?

தக்கலை வாத்தியார்:
தம்பி, அந்த 4 மீட்டர் வள்ளத்தின் பலகையில் அளந்தது, கரையிலிருந்து அளந்தது இல்லை. உந்தக் கணக்கில் எல்லா நகர்வையும் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். வள்ளம் பின்னால் ந மீட்டர் போனால், கரையில் நிற்பவர் பார்வையில் ஆள் முன்னால் போனது (4 − ந) மட்டுமே.

50 × (4 − ந) = 150 × ந. ந = 1 மீட்டர், ஆள் போனது 3 மீட்டர். 50 × 3 = 150 × 1, ஆளும் வள்ளமும் சேர்ந்த நிறை மையம் (இரண்டின் நிறையும் சமன்படும் புள்ளி) இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அணியத்திலிருந்து துறைக்குக் குதிக்கிற கணக்கிலும் இதே பிழைதான் பாதிப் பேருக்கு வரும். வள்ளத்தைப் பொறுத்து நொடிக்கு 2 மீட்டர் என்று கொடுத்திருந்தால், வள்ளம் 0.5 மீட்டர் வேகத்தில் பின்னால் போகும். கரையைப் பொறுத்து ஆளின் வேகம் 1.5 மட்டுமே. வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவே தண்ணீரில் விழுவது இப்படித்தான். கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் அந்த எதிர் உந்தத்தை, கயிறு கட்டிய குற்றி வழியாகப் பூமி வாங்கிக்கொள்ளும்.

முட்டம் காற்று:
மாமா சொன்னது சரி. விதியும் தப்பில்லை. "வெளிவிசை இல்லை" என்ற நிபந்தனைதான் காயலில் பொருந்தாது, தண்ணீரின் தடை ஒரு வெளிவிசை.

தடை வேகத்துக்கு நேர்விகிதம் என்று வைப்போம்; நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 20 நியூட்டன். ஆள் பலகையில் நொடிக்கு 1 மீட்டர் வீதம் 4 நொடி நடக்கிறார். வள்ளம் 0.25 மீட்டர் வேகத்தில் பின்னால் கிளம்பினாலும் தடை அதை இழுத்துப் பிடிப்பதால் 1 மீட்டர் போகாது, சுமார் 82 செ.மீ.தான் போகும். அந்தத் தடை முன்னோக்கித் தள்ளுகிறது, கவனி. ஆள் நின்றதும் வள்ளமும் ஆளும் சேர்ந்து நொடிக்கு 8 செ.மீ. அளவில் முன்னால் ஊர்வார்கள். அரை நிமிடத்தில் ஏறக்குறைய 78 செ.மீ. திரும்பியிருக்கும்.

காரணம் எளிது. தொடக்கத்திலும் முடிவிலும் மொத்த உந்தம் சுழி, ஆகவே தண்ணீர் கொடுத்த கணத்தாக்கும் (விசை × நேரம், அதாவது உந்த மாற்றம்) சுழி. நேர்விகிதத் தடையில் கணத்தாக்கு என்பது 20 × வள்ளத்தின் மொத்த நகர்வு. அது சுழி என்றால் நகர்வும் சுழி. நிஜத்தில் வேகம் கூடும்போது தடை வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போகும், அதனால் துல்லியமாக அதே இடத்தில் நிற்காது. காற்றும் நீரோட்டமும் வேறு இருக்கின்றன. பரீட்சையில் "நீரின் தடையைப் புறக்கணி" என்றால் 1 மீட்டர்தான் எழுத வேண்டும்.

குளச்சல் பிளஸ் ஒன்:
தெளிவாயிட்டு, நன்றி. நொடிக்கு 2 மீட்டரில் வரும் 200 கிலோ வள்ளம், நிற்கிற 300 கிலோ வள்ளத்தில் மோதி ஒட்டிக்கொண்டால் ஆற்றல் எங்கே போகிறது?

தக்கலை வாத்தியார்:
உந்தம் 400, மொத்த நிறை 500, சேர்ந்த வேகம் 0.8. மோதுமுன் இயக்க ஆற்றல் 400 ஜூல், பின்பு 160. மீதி 240 ஜூல் பலகையின் நெளிவாகவும் சத்தமாகவும் வெப்பமாகவும் போனது. நிறை மையத்தின் வேகம் மோதுமுன்னும் 0.8தான், அந்த நகர்வுக்குரிய 160 ஜூலை எந்த மோதலாலும் தொட முடியாது. அழியக்கூடியது இரண்டும் நெருங்கி வந்த ஆற்றல் மட்டும்.

வள்ளத்தின் பக்கத்தில் பழைய டயர் தொங்குவது இங்கேதான் வரும். நின்ற வள்ளம் பெறும் உந்தம் 300 × 0.8 = 240. மரத்தில் மரம் மோதி 0.02 நொடியில் முடிந்தால் சராசரி விசை 12,000 நியூட்டன். டயர் அமுங்கி 0.2 நொடி எடுத்தால் 1,200. இரண்டும் ஒரே வேகத்தில் முடிந்தால் உந்தக் கணக்கு துளியும் மாறாது, பலகை மட்டும் பிழைக்கும்.