சியோர்வொன்: பெருங்கொக்குகளைக் காப்பது முள்வேலியா, நெல்வயலா?

வேலன்:
தென் கொரியாவின் வட எல்லையில் இருக்கும் சியோர்வொன் மாவட்டத்துக்குக் குளிர்காலத்தில் உச்சி சிவந்த பெருங்கொக்குகள் வருவதற்குக் காரணம், கொரியப் போரை நிறுத்திய 1953 போர்நிறுத்தமும் அதன் பிறகு வட, தென் கொரியாக்களுக்கு இடையே வந்த முள்வேலி எல்லைப் பகுதியும்தான். ஆள் நடமாட்டம் நின்றது, பறவை வந்தது. அந்த வேலியில் கை வைக்கவே கூடாது.

நெல்லி:
ஆள் நடமாட்டம் இல்லையென்று யார் சொன்னது? கொக்குகள் பெரும்பாலும் மேய்வது வேலிக்குத் தெற்கே, அனுமதி பெற்றவர்கள் மட்டுமே நுழையக்கூடிய பொதுமக்கள் கட்டுப்பாட்டுப் பகுதியின் நெல்வயல்களில். விவசாயிகள் சோதனைச் சாவடி தாண்டிப் போய் அறுக்கும்போது சிந்துகிற மணிகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

வேலன்:
வயல் மட்டும் போதுமென்றால் கொரியா முழுக்க வயல்தானே, அங்கெல்லாம் ஏன் இவ்வளவு கொக்குகள் இறங்கவில்லை? ராத்திரி தொந்தரவில்லாமல் நிற்க இடம் வேண்டும். அதை வேலி தருகிறது.

நெல்லி:
சரி, தங்க இடம் வேலி தரட்டும், தீனி யார் தருவது? வைக்கோலை மாட்டுத் தீவனத்துக்கு உருட்டிக் கட்டி எடுத்துப் போனால் வயலில் மணியே மிஞ்சாது. வைக்கோலை வயலிலேயே விடும் விவசாயிக்குப் பணம் கொடுப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

சாரதா:
இரண்டு பேருமே அங்கிருந்த ஊரை மறந்துவிட்டீர்கள். 1914-இல் சியோல்–வொன்சான் ரயில் பாதை முழுதாகத் திறந்தது, அது போன வழியில் இருந்த பெரிய ஊர் இது. 1945-க்குப் பிறகு வட கொரியாவின் கையில் இருந்தது, அவர்கள் கட்டிய கட்சி அலுவலகத்தின் சுவர்கள் இன்னும் நிற்கின்றன, பழைய ஊரைப் போர் தரைமட்டமாக்கிவிட்டது. 905-இல் குங் யே என்ற அரசர் தலைநகராக்கிய கோட்டை நகரம் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் கிடக்கிறது. அதைத் தோண்டிப் பார்க்க வேண்டாமா?

வேலன்:
எப்படித் தோண்டுவீர்கள்? 1952 அக்டோபரில் வெள்ளைக்குதிரைக் குன்றுக்காகப் பத்து நாள் அடித்துக்கொண்ட பூமி அது, இன்னும் கண்ணிவெடி புதைந்து கிடக்கிறது.

சாரதா:
2018-இல் இதே மாவட்டத்தின் அம்புமுனைக் குன்றில் இரு நாட்டுப் படைகளும் கண்ணிவெடி அகற்றி, பாதை போட்டு இணைத்தார்களே. கொக்குகள் வடக்கே போய்விடும் கோடை மாதங்களில் கோட்டைப் பகுதியை மட்டும் அளந்து பார்க்கலாம். முழு வேலியையும் பிடுங்கச் சொல்லவில்லை.