வாரம் 40 மணி நேரம் என்றால் சனிக்கிழமை கையில் எவ்வளவு வரும்?

ஓவர்லாக் டெய்லர்:
அமெரிக்காவில் வார வேலையை 40 மணியிலிருந்து 32 ஆக்க, 2024 மார்ச்சில் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் மசோதா கொண்டுவந்தார். சம்பளம் குறையக்கூடாது என்பதும் அதிலேயே இருந்தது. அதைப் பார்த்து, திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வாரம் 48 மணியை 40 ஆக்கவேண்டும் என்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்குச் சரி. எனக்கு ஷிப்டுக் கணக்கு. ஷிப்டுக்கு 480 என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 60. ஆறு ஷிப்டுக்கு 2,880. ஐந்து என்றால் 2,400. வீட்டு வாடகை குறையாதுங்க.

நொய்யல் கரை:
அண்ணா, இது பாதிக் கணக்கு. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. வரம்பை 40 ஆக்கிவிட்டு நீங்கள் அதே 48 மணி தைத்தால், கடைசி 8 மணிக்கு 120 வீதம் 960. மொத்தம் 3,360. நீங்கள் குறையும் என்ற அதே 480 இங்கே கூடுகிறது. அமெரிக்காவின் 1938 சட்டமும் இப்படித்தான்: 44-ல் தொடங்கி 1940-ல் 40-க்கு இறக்கியது, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு.

ஜாப் ஒர்க் யூனிட்காரர்:
நான் 960 கொடுக்கமாட்டேன் தம்பி, சனிக்கிழமை ஷட்டரைச் சாத்திவிடுவேன். பதினைந்து மெஷின் வைத்திருக்கிறேன். எக்ஸ்போர்ட்டர் எனக்குப் பீஸுக்குத்தான் ரேட் தருகிறார், மணிக்கு இல்லை. 48 மணிக் கூலியை 40 மணியில் கொடுக்கவேண்டுமானால் மணிக்கு 72 ஆகும். நூற்றுக்கு இருபது ஏறுகிறது. அதை யார் தருவார்?

ஓவர்லாக் டெய்லர்:
இரட்டைக் கூலி சட்டத்தில் இருக்கிறது தம்பி, நோட்டில் இல்லை. காலை எட்டரைக்கு உட்கார்ந்து ராத்திரி ஒன்பதுக்கு எழுந்தால் ஒன்றரை ஷிப்டு. அந்த அரைக்கு 240தான், 480 இல்லை. நான் வேலை பார்த்த யூனிட்டில் சூப்பர்வைசர் என் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போடுவார், அரை ஷிப்டுக்குப் பாதிக் கோடு. இருபது வருஷம் அந்தப் பாதிக் கோட்டுக்குப் பாதிக் காசுதான்.

செக்கிங் அம்மிணி:
எங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. செக்கிங், கைமடி மாதிரி உதவி வேலைக்கு டெய்லரைவிட ஷிப்டுக் கூலி குறைவு, அதனால் ஒரு ஷிப்டு போனாலும் எங்களுக்குத்தான் முதலில் அடுப்படியில் தெரியும். ஆனாலும் எனக்கு 40 வேண்டும். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ட்யூப் லைட் அடியில் நின்றுகொண்டு கறுப்புத் துணியைப் பார்த்தால் ஆயில் கறை கண்ணுக்குப் படாது. திங்கட்கிழமை அதே பண்டல் திரும்பி வரும், பிரித்து மறுபடி பார்க்கவேண்டும். அந்தக் கூலியையும் யூனிட்காரர் சொன்ன நூற்றுக்கு இருபதில் கழித்துப் பாருங்கள் அண்ணா.

ஜாப் ஒர்க் யூனிட்காரர்:
அது உண்மைதான் அம்மிணி, ரீ-செக்கிங் கூலி தண்டம். ஆனால் ஒரேயடியாக 72 என்னால் முடியாது. முதலில் 44 மணி, மணிக்கு 66 என்று போவோம். 2,904 வரும், யாருக்கும் குறையாது. சனிக்கிழமை அரை நாள்.

நொய்யல் கரை:
இதைச் சம்பள ஒப்பந்தத்திலேயே மணிக்கு இத்தனை என்று எழுதவேண்டும். ஷிப்டு என்று எழுதினால் நேரத்தை நீட்டிக்கொள்ளலாம்.

ஓவர்லாக் டெய்லர்:
66 எனக்குச் சம்மதம். சீசனில் நீங்கள் ராத்திரி உட்காரச் சொல்லும் அந்த அரை ஷிப்டுக்கு 264-ஆ, 528-ஆ? அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள் அண்ணா.