கட்டு அவிழ்த்தாச்சு, எலும்பை யார் பார்ப்பது?

ஹட்டன்காரி:
தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற என் அம்மாவுக்கு 58 வயது. ஜூன் மழையில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போகிற பாசிப் படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். பள்ளத்தில் உருளவில்லை, நின்ற இடத்திலேயே விழுந்ததுதான். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி கை வளைந்து போனது. பக்கத்துக் காம்பராவிலிருந்து ஓடி வந்தவர்கள், "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரி" என்றார்கள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது என்று அம்மா சொல்ல, ஒருவரையும் தொடவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்கையில் பெருவிரல் பக்கமாக இருக்கிற ஆரை எலும்பு முறிந்திருந்தது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இப்படி முறிவதற்குக் கோலிஸ் முறிவு என்று பெயராம். மரக்கவைத்து, இழுத்து நேராக்கி, ஆறு கிழமைக்குக் கட்டுப் போட்டார்கள்.

கட்டை வெட்டிய அன்று விரலுக்குப் பயிற்சி சொல்லித் தந்து அனுப்பிவிட்டார்கள். சும்மா விழுந்ததற்கு எலும்பு ஏன் உடைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் கோபம். பிறகு வேறொரு டொக்டர்தான் "மாதவிடாய் எந்த வயதில் நின்றது?" என்று கேட்டார். 44இல். வெளியே காசு கட்டி, எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். இளவயதுக்காரரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்கிற டி-ஸ்கோர், இடுப்பில் −2.7. −2.5இல் இருந்தோ அதற்குக் கீழோ வந்தால் எலும்புத் தேய்வு நோய் (ஒஸ்டியோபொரோசிஸ்) என்று கணக்கு. இப்போது கிழமைக்கு ஒரு மாத்திரை.

பண்டாரவளை மருமகள்:
அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம்தானே? என் மாமிக்கும் அதே. காலையில் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அதுவரைக்கும் தேத்தண்ணீர் கூடாது. தேத்தண்ணீரோடு குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, சாய்ந்து படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். மாமிக்கோ பிளேன்டீ குடிக்காமல் கண்ணே திறக்காது! காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிற நாளில் இது நடக்காது என்று ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, கேத்தலை நான் எடுத்து ஒளித்து வைப்பேன்.

கொழுந்துக்கூடை:
ஒரு சந்தேகம். நாள் முழுக்கக் கூடையோடு மலை ஏறுகிற எங்களுக்கு எலும்பு உரமாகத்தானே இருக்க வேண்டும்?

பதுளை நர்ஸ்:
ஏறி இறங்குவது நல்லதுதான் அக்கா, அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் மாதவிடாய் நின்றதும், எலும்பைக் காக்கிற ஈஸ்ட்ரோஜன் ஹோர்மோன் குறைகிறது. முதல் சில வருடங்களில்தான் எலும்பு வேகமாகக் கரையும். வேலை செய்தே அதை முழுசாக ஈடுகட்ட முடியாது. வோர்ட்டில் நான் பார்த்த வரைக்கும் ஐம்பதுகளில் இருக்கிறவர்கள் கையை நீட்டி விழுவார்கள், மணிக்கட்டு போகும். எழுபதைத் தாண்டியவர்கள் கை நீட்டுவதற்குள் பக்கவாட்டில் விழுந்துவிடுவார்கள், இடுப்பு போகும். அதனால் மணிக்கட்டு முறிந்து வருகிறவரைக் கட்டோடு அனுப்பிவிடக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். கிளினிக்கில் அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். சாப்பாட்டில் நெத்தலியை முள்ளோடு சேருங்கள், குரக்கனும் நல்லது. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1200 மில்லிகிராம் கல்சியம் தேவை. வெறும் சோறும் சம்பலும் அதற்குக் காணாது.

கொழுந்துக்கூடை:
சரி தங்கச்சி, கேட்கிறேன். ஹட்டன் பிள்ளை, அம்மா திரும்ப மலைக்குப் போகிறாரா?

ஹட்டன்காரி:
போகிறார். பெருவிரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, நிறுவைக்குக் கூடையைத் தம்பிதான் தூக்கிக் கொடுக்கிறான். பாசிப் படிக்குக் கைபிடி கேட்டுத் தோட்டத்தில் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.