உருண்டை முட்டையான கதை: பக்கத்துப் பக்கத்தில் படம் வைத்து மாட்டிக்கொண்டவர்கள் வாருங்கள்

செம்புத்தூள் (காரைக்குடி):
ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, வைவா, முடிந்து இரண்டு வருடம் ஆயிற்று, இன்னும் உறுத்துகிறது. செம்பு மின்படிவு, எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் இரண்டு. இடது பக்கம் முழுப்படம், 1280க்கு 960. வலது பக்கம் அதிலேயே வெட்டிய சதுரம், 960க்கு 960. பைத்தானின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில், படம் காட்டும் இம்ஷோவில் போட்டால் சதுரத்தின் இரு பக்கமும் வெள்ளையாக நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பெக்டை ஆட்டோ ஆக்கினேன், அதாவது பெட்டி நிறையும்வரை படத்தை இழுக்கச் சொன்னேன். இரண்டும் ஒரே அளவில் கச்சிதமாக உட்கார்ந்தன.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எதுவும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்து, வலது படத்தின் பெரிய உருண்டை மேல் வைத்தார். குறுக்கே 32 மில்லிமீட்டர். ஸ்கேலைத் திருப்பினார். நெடுக்கே 24. "தம்பி, இது ஏன் படுத்துக் கிடக்கு?"

நான் சொன்ன பதில்தான் உறுத்துகிறது: "அந்தத் திசையில வளர்ச்சி அதிகம் சார்."

அதே உருண்டை இடது படத்தில் உருண்டையாகவே இருந்தது. அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

வளவு வாசல்:
எனக்கு இது ஆத்தங்குடியில் நடந்தது. ஐயா வீட்டுப் பட்டாலையில் சில தரைக்கற்கள் சாயம் போய்விட்டன. எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்க்க இடது பக்கம் போட்டோ, வலது பக்கம் நிற வரைபடம், அதற்கு மட்டும் எந்த நிறம் எவ்வளவு என்று காட்டும் பட்டை, ஒரு கலர்பார். கலர்பார் தன் இடத்தை வலது படத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும் என்பது அப்போது தெரியாது. நானும் ஆட்டோதான். பிரிண்ட் எடுத்துக்கொண்டு கல் அடிக்கும் இடத்துக்குப் போனேன்.

அங்கிருந்த அண்ணன் கண்ணாடித் தகட்டில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, தாளைத் தரையில் விரித்து, காய்ந்த கல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார். "ஆச்சி, இது எங்க கல்லு இல்லையே. எங்க அச்சு சதுரம். இது செங்கலை நிமித்தி வச்ச மாதிரி இருக்கே?"

கணினி முன்னால் மூன்று நாள் உட்கார்ந்த என் கண்ணில் படவில்லை. அவருக்கு மூன்று நொடி.

கோவிலூர் ரோடு:
இரண்டு பேரும் ஆட்டோவைத் திட்டுவது நியாயமில்லை. இரண்டு அச்சிலும் ஒரே அலகு இருந்தால்தான், படத்தை இழுக்காமல் விடும் ஈக்வல். என் வேலை பேட்டரி ஓடும்போதே எடுக்கும் எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்கதிர் விளிம்பு விலகல்); குறுக்கே கோணம் 4000 புள்ளி, நெடுக்கே 60 ஸ்கேன். ஈக்வலில் விட்டபோது தாளில் ஒரு நூலிழை கிடந்தது. கைடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அவ்வளவுதான் என் கதை.

இனி செய்ய வேண்டியது. போட்டோ, எஸ்.இ.எம். என்றால் ஈக்வலைத் தொடாதீர்கள், இம்ஷோவின் இயல்பே அதுதான். என்னுடையது போன்ற தரவுக்கு ஆட்டோ போட்டு, பெட்டியின் வடிவத்தை செட் பாக்ஸ் ஆஸ்பெக்ட் என்ற கட்டளையில் பிடியுங்கள்; மேட்பிளாட்லிப் 3.3இல் வந்தது. பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது வெள்ளை இடம் உறுத்தினால் லேஅவுட்டுக்கு கம்ப்ரஸ்ட் என்று கொடுங்கள், அது 3.6இல் வந்தது, பெட்டிகளை நெருக்கித் தரும். கலர்பார் படத்தைவிட உயரமாக நின்றால் அது பிடுங்கும் பங்குக்கு ஃபிராக்‌ஷன் 0.046, இடைவெளிக்கு பேட் 0.04. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அச்சில் மைக்ரான் வேண்டுமென்றால் அச்சின் எல்லைகளைச் சொல்லும் எக்ஸ்டென்ட் கொடுங்கள், ஆனால் அகலத்தையும் உயரத்தையும் அதே விகிதத்தில் கொடுங்கள், இல்லையென்றால் ஈக்வலிலேயே முட்டை வரும். அப்புறம் சேமிக்கும்போது பிபாக்ஸை டைட் ஆக்கினால் ஓர வெள்ளை வெட்டப்பட்டு, ஃபிக்சைஸில் சொன்ன மொத்தப் பட அளவு போய்விடும்...

நாலாம் வாத்தியார்:
யாரும் கேட்காமலேயே ஒரு பாடம். சரி, 0.046ஐக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள் ஐயா. அது சதுரப் படத்துக்குத்தான் பொருந்தும். படம் அகலமாக இருந்தால் உயரத்தை அகலத்தால் வகுத்து அதோடு பெருக்க வேண்டும். அதைவிட மேக் ஆக்சஸ் லொக்கேட்டபிள் என்ற கட்டளை போட்டால் கலர்பார் படத்தின் உயரத்துக்கே நிற்கும், கணக்கே வேண்டாம்.

என் கதை இதைவிடக் கேவலம். பைத்தானில் எல்லாம் சரி. கூட ஆய்வு செய்தவர் வேர்டில் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டார்.

செம்புத்தூள்:
யோசனைக்கு நன்றி. என் படத்தில் கலர்பாரே இல்லை. பெட்டிகளின் அகல விகிதத்தை, விட்த் ரேஷியோவை, 4, 3 என்று கொடுத்து ஈக்வலில் விட்டேன், இரண்டு படமும் ஒரே உயரத்தில் வந்துவிட்டன. ஒரே வரி.

கட்டுரையில் திருத்திவிட்டேன். பைண்டு போட்ட ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. 87ஆம் பக்கத்தில் முட்டை அப்படியே படுத்திருக்கிறது, அடியில் பென்சிலில் சின்னதாக 32, 24.