கறுப்பு வெள்ளைப் படத்தில் என் அத்தையின் பொட்டு எங்கே போனது?

ஆத்தூர்க்காரன்:
வணக்கம். சேலத்தில் சின்னதாக ஒரு புகைப்படக் கண்காட்சி நடக்கிறது. எல்லாம் சேகோ ஃபேக்டரிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். நடுச்சுவரில் பெரிதாக மாட்டியிருப்பது என் அத்தையின் படம். கேட்டுத்தான் எடுத்தார்கள், அதில் குறை இல்லை. உச்சிவெயில், களம் முழுக்க ஜவ்வரிசி காய்கிறது. அத்தை பலகையை ஊன்றிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். சேலைக்கு மேல் மாமாவின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. பின்னால் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு.

பார்க்க வந்தவர்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். "வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெள்ளைக் களம், எல்லாம் கைம்மையின் குறியீடு" என்றார் ஒருவர். கண்ணில் எவ்வளவு துயரம் என்றார் இன்னொருவர். மாமா நல்லபடியாக இருக்கிறார், அதே ஃபேக்டரியில்தான் மூட்டை தைக்கிறார். அத்தை அன்று கட்டியிருந்தது மஞ்சள் சேலை. குங்குமம் வைக்காமல் வாசல் தாண்ட மாட்டார். கண் இடுங்கியிருப்பது வெயிலால். அந்த வெள்ளைக் களத்தில் மதியம் யாருக்கும் கண்ணை முழுசாகத் திறக்க வராது.

பொட்டு எங்கே போனது? இப்படிப்பட்ட படத்தில் உணர்ச்சியை எப்படித்தான் படிப்பது?

ஏற்காடு மூடுபனி:
வானம் கறுத்திருக்கிறது என்றீர்களே, விடை அங்கேயே இருக்கிறது. சிவப்பு ஃபில்டர். ஃபிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் மாட்டுவோம், இப்போது அதே வேலையைக் கணினியில் செய்துவிடலாம். அது சிவப்பு ஒளியை உள்ளே விடும், நீலத்தைத் தடுக்கும். அதனால் நீல வானம் இருளும், சிவப்பும் மஞ்சளும் வெளுக்கும். குங்குமம் நெற்றியோடு கரைந்துவிடும், மஞ்சள் சேலை வெள்ளையாகிவிடும், தோலும் வெளுக்கும். பச்சை ஃபில்டர் என்றால் பொட்டு கறுத்துத் துலங்கும், முகமும் கருக்கும். காப்பிப் பழம் பறிப்பவர்களை எடுக்கும்போது நான் பச்சையைத்தான் போடுவேன். ஃபில்டரே இல்லாவிட்டால் பழமும் இலையும் ஒரே சாம்பலாகிவிடும்.

படம் எடுத்தவர் வானத்துக்காகச் செய்திருப்பார். ஆனால் நம் ஊரில் நெற்றியும் சேலை நிறமும் ஒரு பெண்ணைப் பற்றி எவ்வளவு சொல்கின்றன! வானத்துக்காக அதை விட்டுக்கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

லீ பஜார் வாசி:
அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிபோமோவில் எடுத்த 'இடம்பெயர்ந்த தாய்' படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த அம்மாவின் பெயரை லாங்கே கேட்கவே இல்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது 1978இல்தான். கார் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங்கே சொன்ன கதையை அந்தக் குடும்பம் மறுத்தது. முகத்தில் இருந்த கவலை நிஜம். அதோடு ஒட்டிய கதைதான் தகராறு.

அதனால் நான் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் நிழல். மூக்கின் நிழல் நேராகக் கீழே விழுந்தால் உச்சிப்பொழுது, இடுங்கிய கண்ணுக்குக் காரணம் கிடைத்துவிடும். அப்புறம் கை, பிடித்திருக்கும் பொருள், உடுப்பு. குறியீடு வேண்டும் என்பவர்கள் அந்தச் சட்டையைப் பார்க்கட்டும். நம் பக்கம் காட்டு வேலைக்கும் களத்து வேலைக்கும் போகிற பெண்கள் வெயிலுக்காகப் புருஷன் சட்டையையோ அண்ணன் சட்டையையோ மாட்டிக்கொண்டு போவது ஊருக்கே தெரியும். அந்த ஒரு சட்டை வேலையையும் வெயிலையும் வீட்டையும் சேர்த்துச் சொல்கிறது. அதை யாருமே கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆத்தூர்க்காரன்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. படம் எடுத்த தம்பியிடம் பேசினேன். வண்ணத்தில் எடுத்த மூலம் அவரிடம் இருக்கிறதாம், பச்சைப் பக்கம் தள்ளி மறுபடி அச்சிட ஒத்துக்கொண்டார். வானம் வெளுத்தாலும் பரவாயில்லை என்றார். அத்தையிடம் இரண்டையும் போனில் காட்டினேன். முகம் கருத்திருக்கும் படம்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. கீழே தன் பெயரைப் போடவும் சம்மதித்துவிட்டார். கூட என்ன எழுதலாம்?

லீ பஜார் வாசி:
ஊர், மாதம், நேரம், செய்துகொண்டிருந்த வேலை. சேலை மஞ்சள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அச்சிட்டதும் தெரிவியுங்கள், வந்து பார்க்கிறேன்.