மறுமொழி: சாலையோரக் கேலி வரலாற்றுப் பலகைகளுக்கு ஒரு சொல்

வணக்கம்.

> "போலி வரலாற்றுப் பலகை" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். கல்வெட்டியலில் போலிச் செப்பேடு என்றால், பழைய அரசன் பெயரைப் போட்டு நிலத்துக்கு உரிமை கொண்டாடப் பிற்காலத்தார் வெட்டிக்கொண்ட ஏடு. கர்நாடகத்தை ஆண்ட மேலைக் கங்கர் செப்பேடுகள் பலவற்றைக் கல்வெட்டறிஞர் ஃபிளீட் அப்படித்தான் ஒதுக்கினார். ஏமாற்றுவதற்கென்றே செய்தவை அவை. விக்சனரி அகராதிக்காக நாம் சொல் தேடும் பலகை, அரசு வைக்கும் வரலாற்றுப் பலகை போலவே செய்து, படிப்பவர் கடைசி வரியிலாவது சிரிக்கட்டும் என்று வைப்பது. நேற்று வந்த 'போலிப் பட்டயம்' என்ற யோசனை இன்னும் மோசம். பட்டயப் படிப்புச் சான்றிதழை அச்சடித்து விற்றவர் கைது என்ற செய்திதான் கண்ணில் வருகிறது.

பொருளை முதலில் பார்ப்போம். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மாநில அரசுகள் வைக்கும் பலகைக்கு ஒரு முகவெட்டு உண்டு. கம்பத்தின் மேல் வார்ப்பு உலோகத் தகடு, உச்சியில் மாநிலச் சின்னம், கொட்டை எழுத்தில் தலைப்பு, கீழே சில வரிகளில் இன்ன ஆண்டு இவ்விடத்தில் இன்னது நடந்தது என்ற தகவல். வர்ஜீனியாவில் 1927 முதல் இந்த வழக்கம். கேலிப் பலகை இந்த முகவெட்டில் கை வைப்பதில்லை, விஷயத்தை மட்டும் மாற்றுகிறது. "1897இல் இவ்விடத்தில் எதுவும் நடக்கவில்லை" என்ற தகடு நினைவுப்பொருள் கடைகளிலேயே கிடைக்கிறது. ஐயோவா மாநிலத்து ரிவர்சைடு ஊர் ஒருபடி மேலே போய், ஸ்டார் டிரெக் என்ற விண்வெளிக் கற்பனைத் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க் பிறக்கப்போகும் இடம் இதுதான் என்று 1985இலேயே கல் நாட்டிவிட்டது. கல்லில் போட்ட பிறந்தநாள் 2228 மார்ச் 22. அவசரமில்லை.

நியூயார்க்கில் ஜோசப் ரெஜினெல்லா என்ற சிற்பி செய்தது இன்னும் அழகு. 2016இல், படகுத்துறைக்குப் பக்கத்துப் பூங்காவில், ஒரு பயணிகள் படகை ராட்சத ஆக்டோபஸ் சுருட்டி இழுக்கும் சிலையை வைத்தார். விபத்து நடந்த நாள் என்று அதில் போட்டது 1963 நவம்பர் 22. அன்றுதான் கென்னடி சுடப்பட்டார், அதனால் படகை யாரும் கவனிக்கவில்லையாம்! பொய்க்குத் தேதி தேடுவதில் இவ்வளவு உழைப்பு. துண்டுப்பிரசுரத்தில் அருங்காட்சியகத்துக்கு வழிகூடப் போட்டிருந்தார். இல்லாத அருங்காட்சியகத்தைத் தேடிச் சிலர் போயும் வந்தார்கள்.

டப்ளினில் ஓ'கானல் பாலத்தின் கைப்பிடிச் சுவரில், பழைய கடிகாரப் பெட்டியைப் பெயர்த்த பள்ளத்தில், பேட் நாய்ஸ் என்ற பாதிரியார் 1919இல் குதிரை வண்டியோடு ஆற்றில் விழுந்து இறந்ததாக ஒரு தகடு. 2004இல் பதித்தது. 2006 வரை மாநகராட்சிக்கே தெரியாது. அப்படி ஒரு பாதிரியார் இருந்ததே இல்லை. லத்தீன் ஜெபத்தின் முதல் சொற்களான 'பாட்டர் நோஸ்டர்' என்பதைத் திருகிய பெயர் அது.

வேல்ஸ் நாட்டு பெட்கெலர்ட்டில் இருக்கும் கெலர்ட் நாயின் கல்லறையை இந்த வகையில் சேர்க்க வேண்டாம் என்பேன். குழந்தையைக் காத்த நாயை எசமானே கொன்ற கதை. நம் கீரிப்பிள்ளைக் கதைதான், சிலப்பதிகார அடைக்கலக் காதையிலும் வரும். கல்லறையை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு விடுதிக்காரர் எழுப்பியதாகச் சொல்வார்கள். அது சிரிப்பதற்காக வைத்ததல்ல, விடுதிக்கு ஆள் சேர்ப்பதற்காக வைத்தது. அதற்குப் 'போலி' தாராளமாகப் பொருந்தும்.

ஆகவே என் முன்மொழிவு: பகடிப்பலகை. 'கேலி' என்றால் யாரை என்ற கேள்வி வரும். இங்கே கேலிக்கு ஆளாவது மனிதர் அல்ல, அரசுப் பலகையின் தோரணை. வடிவத்தை அப்படியே பிடித்து ஆடுவதைத்தான் இலக்கியத்தில் பகடி என்கிறோம். 'புளுகுப்பலகை' நாக்குக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல் நேரத்தில் அது வேறு பலகைகளுக்குத் தேவைப்படும்.

*

வணக்கம். சொல் பிடிச்சிருக்கு. ஆனால் யாழ்ப்பாணத்தில நாங்கள் 'பகிடி' எண்டுதான் சொல்லுறது. பகிடிப்பலகை எண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு சிக்கல், பல்கலைக்கழகத்தில புதுப் பெடியளை வதைக்கிறதுக்கு இங்க பகிடிவதை எண்டு பேர். அந்த வாடை அடிக்குமோ? மற்றது, அந்த ஆக்டோபஸ் சிலை எப்பிடிப் பலகை ஆகும்?

*

வாடை 'வதை'யில்தான் இருக்கிறது, பகிடியில் இல்லை என்று நினைக்கிறேன். பகடிப்பலகை என்று தலைச்சொல் வைத்து, பக்கத்தில் 'பகிடிப்பலகை (இலங்கை வழக்கு)' என்றும் பதிந்துவிடலாம். சிலை விஷயம் நியாயம். அதற்குப் பகடிச்சின்னம் என்று தனிப் பதிவு போடுகிறேன். கல்லில் வெட்டியிருந்தால் என்ன செய்வது என்று அடுத்து யாராவது கேட்பார்கள். பகடிக்கல். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் விக்சனரியில் ஏற்றிவிடுவேன்.